சந்தைத் திடலில் நெல் நடாத குற்றத்துக்கு விளக்கம்

அனுப்புநர்:
சி. மருதையன் (வயது 49),
ஆதிதிராவிடர் தெரு,
செம்பியன்பேட்டை, குத்தாலம் வழி,
தஞ்சாவூர் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
தஞ்சாவூர்.

பொருள்: நிலம் – உச்சவரம்புக்கு மிகையான நிலம் – செம்பியன்பேட்டை செவ்வாய்ச் சந்தைத் திடல், 96 சென்ட் – இருபோக நன்செய் எனக் குறிப்பிட்டு எனக்குப் பட்டா வழங்கப்பட்டது – மேற்படி திடலில் நெல் பயிரிடாததால் பட்டாவை ரத்து செய்வதாக அறிவிப்பு – விளக்கம் சமர்ப்பித்தல் – பரிகாரம் கோருதல்.

பார்வை: 1. வட்டாட்சியர் அலுவலக அறிவிப்பு, நாள் 27.9.1982.
2. இதே பொருள் குறித்து நான் அனுப்பிய பதினோரு மனுக்கள். (பதில்கள் இல்லாததால் அவற்றின் எண்கள் குறிப்பிடப்படவில்லை.)

பெருமதிப்பிற்குரிய ஐயா,

1. இது என்னுடைய பன்னிரண்டாவது மனு. எட்டாம் வகுப்பு வரை படித்தவன் நான். முதல் மனுவை எழுதும்போது 'மேற்படி' என்ற சொல்லை எங்கே போடுவது என்றுகூடத் தெரியாமல் இருந்தேன். எட்டு வருடங்களாக எழுதியதில் என் தமிழ் நன்றாகத் திருந்திவிட்டது. அந்த அளவில் அரசுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

2. பார்வை ஒன்றில் கண்ட அறிவிப்பில் என் மீது சொல்லப்படும் குற்றம் இது: 1974ஆம் ஆண்டு அரசு எனக்குக் கொடுத்த இருபோக நன்செய்யில் இன்றுவரை ஒரு போகம்கூட நான் அறுக்கவில்லை. எனவே நிலம் தந்தபோது விதித்த ஒப்படை நிபந்தனையை மீறிவிட்டேன். வருகிற 27.10.1982 அன்று விசாரணை. அந்த இடம் சந்தை என்று நான் 'கூறிவருவதற்கு' ஆதாரம் இருந்தால் உடன் கொண்டுவர வேண்டும். ஐயா, தஞ்சாவூர் பெரிய கோயிலைக் கோயில் என்று 'கூறிவருவதற்கு' யாரிடமும் ஆதாரம் கேட்பதில்லை. ஆனாலும் கேட்டது அலுவலகம் என்பதால் பணிவுடன் பதில் சொல்கிறேன்.

3. எங்கள் ஊர்ச் சிவன் கோயிலின் தெற்கு மதிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. சந்தைக்கு வரும் வெற்றிலைக் கூடை ஒவ்வொன்றுக்கும் ஒரு கவுளி சாமிக்கு என்று அதில் வெட்டியிருப்பதாக, அதைக் காகிதத்தில் மசிப்படி எடுக்க வந்தவர் வாசித்துச் சொன்னார். சோழ ராஜா காலத்தியது என்றார். இதை வட்டாட்சியர் அலுவலகத்தில் தெரிவித்தேன். கல்வெட்டுக்கு உறுதி செய்யப்பட்ட நகல் வேண்டும் என்றார்கள். கையொப்பமிட வேண்டிய சோழ அதிகாரி தற்போது பணியில் இல்லை.

4. மராட்டிய ராஜா காலத்தில் சத்திரத்துக்குப் போகிற யாத்திரைக்காரர்கள் இந்தத் திடலில்தான் அவலும் பாயும் வாங்கினார்கள் என்பார்கள். அதற்குப் பிறகு ஒரு வெள்ளைக்காரத் துரை மழைநாளில் குதிரையில் வந்து, திடல் சகதியில் குதிரை வழுக்கி, கத்தரிக்காய்க் குவியலில் விழுந்தார். எழுந்ததும் முதல் வேலையாகத் திடலில் செம்மண் கொட்டி மேடாக்கச் சொல்லி, இரும்புத் தூண் நட்டு, தகரக் கொட்டகையும் போட உத்தரவிட்டார். ஊருக்கு ஏதாவது நடக்க வேண்டுமானால் ஓர் அதிகாரி விழவேண்டும் என்ற நம்பிக்கை எங்களிடம் அன்று ஏற்பட்டது. சந்தைக்கு அவர் பெயரையே வைத்துக் கல் நட்டார்கள். வாயில் நுழையாததால் 'தொரை சந்தை' என்றோம்.

5. நம் ஆட்சி வந்ததும் அது அடிமைச் சின்னம் என்று சொல்லிக் கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்து, 'அங்காடித் திடல்' என்று நல்ல தமிழில் பலகை வைத்தார்கள். ஆட்சி மாறியது. வேறு நிறத்தில் வேறு பெயரில் இன்னொரு பலகை வந்தது. முந்தைய பலகையைப் பிடுங்கினால் கலவரம் வரும் என்று அதையும் விட்டுவைத்தார்கள். 1977 புயலில் கொட்டகையின் தகரம் பறந்துபோயிற்று. பலகைகள் உறுதியாக நிற்கின்றன. மழை வந்தால் வெண்டைக்காய்க் கூடைகளை அவற்றின் அடியில்தான் ஒதுக்கி வைக்கிறார்கள். ஆகவே பெயர் மாற்றத்தால் மக்களுக்குப் பயன் இல்லை என்று நான் சொல்லமாட்டேன்.

6. இன்றைய நிலையையும் சொல்லிவிடுகிறேன். செவ்வாய்க்கிழமை விடிந்ததும் தரங்கம்பாடிப் பக்கத்திலிருந்து மலர்கொடி என்பவர் கருவாட்டுக் கூடையோடு முதல் பேருந்தில் வந்து இறங்குவார். அவர் வந்த சேதியைக் காற்றே ஊருக்குச் சொல்லிவிடும். கோரைப்பாய்க் கட்டோடு ஹபீபுன்னிசா வருவார். வடமேற்கு மூலை ஆட்டுக்காரர்களுக்கு. மற்ற இடமெல்லாம் கீரை, காய், மண்சட்டி, அரிவாள், வளையல் என்று ஏறக்குறைய நூற்றைம்பது பேர். பெரும்பாலும் பெண்கள். நடவுக் காலத்தில் சேற்றிலும் மற்றக் காலத்தில் சந்தையிலும் பிழைப்பவர்கள். என் மனைவி அம்சமும் அங்கே கீரை விற்கிறாள். என் பட்டா நிலத்தில் என் மனைவி உட்கார்வதற்குப் பேரூராட்சி தரைவாடகை வாங்கிக்கொண்டு ரசீதும் கொடுக்கிறது.

7. திடலைச் சுற்றி இப்போது உரக்கடைகளும், பம்புசெட் பழுது பார்க்கிறவர்களும், லாட்டரிச் சீட்டுக் கடையும், சிங்கப்பூரிலிருந்து வந்தவர் தம்பி வைத்த சாமான் கடையும், கூட்டுறவு வங்கியும் வந்துவிட்டன. இவை வாரம் முழுவதும் திறந்திருக்கின்றன. வியாபாரம் நடப்பது செவ்வாயன்று. சினிமாக் கொட்டகையில் அன்று மட்டும் பகல் காட்சி உண்டு. சந்தை இல்லையென்றால் செம்பியன்பேட்டை என்பது பேருந்து நிற்காமல் போகிற ஒரு வளைவு, அவ்வளவுதான். திடலில் கட்சிக் கொடிக்கம்பங்கள் ஐந்து இருக்கின்றன. என்னுடைய நன்செய்யில் இதுவரை வேர் பிடித்தவை அவை மட்டுமே.

8. இனி, இந்தத் திடல் நன்செய் ஆன கதை. பழைய நிலவரி செட்டில்மெண்டிலேயே இது மிராசுதார் திரு. குஞ்சிதபாதம் அவர்களின் பாட்டனார் பெயரில் பதிவாகிவிட்டது. நில உச்சவரம்புச் சட்டம் வந்தபோது, வரம்புக்கு மேல் உள்ளதில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பது மிராசுதாரின் விருப்பத்துக்கு விடப்பட்டது. ஆற்றோரப் படுகை நிலம் ஓர் அறக்கட்டளையின் பெயருக்குப் போயிற்று. பெரிய வாய்க்கால் பாசனம் முழுவதும், காலமாகி ஆறு வருடம் ஆன அவருடைய சித்தப்பாவின் பெயருக்குப் போயிற்று. ஏழைகளுக்கு என்று மனமுவந்து அவர் விட்டது சந்தைத் திடல். கர்ணம் உலகநாதன் அவர்கள் கிராமக் கணக்கில் அதற்குக் குறுவை, தாளடி என்று இரண்டு போகமும் எழுதி முடித்தார். அந்தத் தியாகத்துக்காக மிராசுதாருக்குப் பாராட்டுக் கூட்டமும் நடந்தது. கூட்டத்துக்குப் பந்தல் போட்டவர்களில் நானும் ஒருவன்.

9. அடுத்த மாதம் பட்டா வழங்கும் விழா. அமைச்சர் வந்தார். என்னை மேடைக்கு அழைத்து, பட்டாவைக் கொடுத்து, என் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டார். "இனி உழுதவன் கையில் நிலம்" என்று அவர் சொன்னபோது கைதட்டல் அடங்க நேரமாயிற்று. ஐயா, எனக்கு அழுகை வந்தது. என் தகப்பனார் நாற்பது வருடம் பண்ணையாளாக உழுதவர். கூலியை அரைப்படி கூட்டிக் கேட்டதற்காக ஒரு வருடம் முழுவதும் எந்தப் பண்ணையிலும் வேலை தராமல் பட்டினி போடப்பட்டவர். அவருடைய பெயர் எந்தக் காகிதத்திலும் இருந்ததில்லை. என் பெயர் முத்திரை வைத்த காகிதத்தில் இருந்தது. பட்டாவில் சர்வே எண் மட்டுமே இருந்ததால், அது எந்த நிலம் என்று அன்று எனக்குத் தெரியாது. மூன்று மாதம் கழித்து அளவர் சங்கிலி பிடித்துக் காட்டினார். அமைச்சர் நின்று பேசிய மேடை என் வயலின் வடகிழக்கு மூலையில்தான் இருந்திருக்கிறது.

10. நான் கர்ணம் அவர்களின் வீட்டுக்கு ஓடினேன். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னது இது: "ஏட்டுல நஞ்சைன்னா நஞ்சைதாம்ப்பா. ஏட்ட எதுத்து நெலம் பேசுமா?" பிறகு அவருடைய பதவியையே அரசு ஒழித்துவிட்டது. அவர் எழுதியதை ஒழிக்க இன்னும் உத்தரவு வரவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். ஏட்டு நெல் எனக்குக் கஞ்சிக்கு உதவவில்லை. கெடுப்பதற்கு மட்டும் நன்றாக உதவியது. அதைக் கீழே சொல்கிறேன்.

11. முதலில் சங்கம். விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் நான் இருபது வருட உறுப்பினர். கூலிப் போராட்டத்தில் தடியடி வாங்கியவன். பட்டா வாங்கிய அடுத்த கூட்டத்தில் செயலாளர் பக்கிரி என்னைத் தனியே கூப்பிட்டு, "தோழர், தப்பா எடுத்துக்காதீங்க. இப்ப நீங்க நெலம் வச்சிருக்கவங்க. சட்டதிட்டப்படி ஒங்கள வச்சிருக்க முடியாது" என்றார். சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அடுத்தது வீடு. குடியிருப்பு மனைகளை அவற்றில் வாழும் நிலமற்ற தொழிலாளிக்கே சொந்தமாக்கி எங்கள் தெருவில் முப்பத்திரண்டு குடும்பங்களுக்குப் பட்டா கொடுத்தார்கள். பட்டியலில் என் பெயருக்கு நேராக 'நிலவுடைமையாளர், தகுதியில்லை' என்று எழுதப்பட்டது. என் குடிசை நிற்கும் மனை மிராசுதாருடையது. அவருடைய மகன் திரு. செல்லத்துரை, வருகிற தை மாதத்துக்குள் காலி செய்யும்படி வக்கீல் அறிவிப்பு அனுப்பியிருக்கிறார். தெருவில் எல்லோருக்கும் சொந்த மனை இருக்கிறது, நிலவுடைமையாளனாகிய எனக்கு மட்டும் இல்லை. எனக்கு மூன்று பெண்கள். மழைக்காலம் வருகிறது. வயிறு எரிகிறது, ஐயா. இதைப் பணிவான சொல்லில் எழுத எனக்குத் தெரியவில்லை.

12. திடலில் நான் நடவேயில்லை என்று அறிவிப்பில் கண்டிருப்பது தவறு. ஆகஸ்டு மாதம் வருவாய் ஆய்வாளர் திரு. இராஜாங்கம் அவர்கள், 22.9.1982 புதன்கிழமை தணிக்கைக்கு வருவதாகவும் அன்று பயிர் நிற்க வேண்டும் என்றும் தெரிவித்தார். இதைச் சந்தைப் பெண்களிடம் சொன்னேன். பட்டா ரத்தானால் திடல் யார் கைக்குப் போகுமோ என்ற பயம் அவர்களுக்கும் இருந்தது. ஒரு நாள் பயிரைக் காட்டிவிட்டால் வருடம் முழுவதும் சந்தை நடக்கும், ஒரு வாரம் சாலையோரம் உட்கார்ந்துகொள்வோம் என்று அவர்களே முடிவு செய்தார்கள்.

13. தணிக்கைக்கு முந்தின சனிக்கிழமை, டீக்கடைகளின் சாக்கடையாகிவிட்ட பழைய வாய்க்காலை வெட்டித் தண்ணீர் விட்டேன். ஞாயிறன்று இரவல் மாட்டைப் பூட்டி உழுதேன். கலப்பையில் சிக்கிக் கிளம்பியவை வருமாறு: உடைந்த கண்ணாடி வளையல் ஒரு கூடை, சோடாப் புட்டிக் குண்டு பதினேழு, தேய்ந்த எடைக்கல் மூன்று, வெள்ளைக்கார ராஜா தலை போட்ட காலணா ஒன்று, அதற்கும் கீழே ஒரு சாண் ஆழத்தில் என்ன எழுத்தென்று தெரியாத செப்புக்காசு இரண்டு, மாட்டு லாடம் கணக்கில்லாமல். நெல் விளைந்த மண்ணில் ஒரு வைக்கோல் தாளாவது கிடைக்கும். அது மட்டும் கிடைக்கவில்லை. அறிவிப்பில் கேட்டுள்ள ஆதாரம் இதுவே. ஒரு சாக்கில் கட்டி வைத்திருக்கிறேன்.

14. திங்கட்கிழமை காலை அறுபத்து மூன்று பெண்கள் நடவுக்கு வந்தார்கள். ஒவ்வொருவரும் தாங்கள் நட்ட வயல்களில் மிஞ்சிய நாற்றில் ஒரு கட்டு, அதாவது ஒரு முடி, கொண்டுவந்தார்கள். கடற்கரையிலே பிறந்து சேற்றில் இறங்கியே அறியாத மலர்கொடியும் வந்தார். எங்கள் பக்கத்தில் முதல் நாற்று முடியை நிலத்துக்காரர்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும். அவர் வரப்பில் நிற்பார், நடுகிறவர்கள் சேற்றில் நிற்பார்கள். நான் பழக்கத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கிவிட்டேன். மலர்கொடி சத்தம் போட்டார்: "நெலத்துக்காரரே, மேல ஏறுங்க! நீங்களும் சேத்துல நின்னா நாங்க யாருகிட்ட கூலி கேக்குறது?" எல்லோரும் சிரித்தார்கள். வரப்பில் ஏறி நின்று, அம்சத்தின் கையில் முதல் முடியைக் கொடுத்தேன். அவள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கினாள். குலவை போட்டார்கள். அரை மணி நேரம் அந்த வரப்பில் நின்றேன். கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. அரசு எனக்குக் கொடுத்த நிலத்தில் நான் அனுபவித்தது அந்த அரை மணி நேரம். அதற்கு மேல் நிற்க வெட்கமாக இருந்ததால் இறங்கி நடவில் சேர்ந்துகொண்டேன். பொழுது சாய்வதற்குள் தொண்ணூற்றாறு சென்ட்டும் பச்சையாகிவிட்டது. அப்படி ஒரு அழகை நான் பார்த்ததில்லை, ஐயா. ஊரான் வயலில் எத்தனையோ முறை பார்த்த அதே பச்சைதான்.

15. மறுநாள் செவ்வாய்க்கிழமை. மனிதர்கள் எல்லோரும் சொன்னபடி சாலையோரம் உட்கார்ந்தார்கள். ஆடுகளிடம் நாங்கள் பேசியிருக்கவில்லை. தலைமுறை தலைமுறையாக வடமேற்கு மூலையில் நின்று பழகிய அவை, பிடித்திருந்த கயிற்றை அறுத்துக்கொண்டு தங்கள் இடத்துக்கே போய்ச் சேர்ந்தன. அவற்றுக்கு உச்சவரம்புச் சட்டம் தெரியாது, செவ்வாய்க்கிழமை தெரியும். முந்நூறு ஆடுகள். நாங்கள் கத்தி, ஓடி, சேற்றில் விழுந்து ஓட்டி முடிப்பதற்குள் நாற்று இருந்த இடத்தில் குளம்படி இருந்தது. அம்சம் திடலின் நடுவில் உட்கார்ந்துவிட்டாள். கூப்பிட்டும் வரவில்லை.

16. புதன்கிழமை ஆய்வாளர் வந்தார். நடந்ததைச் சொன்னோம். நல்ல மனிதர், பொறுமையாகக் கேட்டார். "எனக்குப் புரியுதுங்க. ஆனா நடந்தத எழுத இதுல கட்டம் இல்லிங்களே" என்று படிவத்தைத் திருப்பிக் காட்டினார். இருந்த கட்டங்களில் அவர் எழுதிக்கொண்டு போனது பிறகு அறிவிப்பில் வந்தது: 'புல எண்ணில் ஆட்டுப்புழுக்கை பரவலாகக் காணப்படுகிறது. ஆட்டுக்கிடை கட்டி உரமேற்றப்பட்டுள்ளது. உழவும் செய்யப்பட்டுள்ளது. தண்ணீர் வசதி உள்ளது. இவ்வளவு இருந்தும் பயிரிடாதது ஒப்படைதாரரின் அலட்சியம்.' சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்கமாட்டார் என்பது பழமொழி. எனக்கு ஆடும் இடம் கொடுக்கவில்லை.

17. இதற்கிடையில் திரு. செல்லத்துரை அவர்கள், மேற்படி திடல் ரத்தாகி அரசுக்குத் திரும்பியதும் அதை ஏலத்தில் எடுத்துத் திருமண மண்டபம் கட்ட விண்ணப்பித்திருக்கிறார். விண்ணப்பத்தில் அது 'சாகுபடிக்கு அறவே உதவாத தரிசு' என்று கண்டிருக்கிறது. தகப்பனார் கையிலிருந்து இருபோக நன்செய்யாகப் புறப்பட்ட நிலம், எட்டே வருடத்தில் மகன் கைக்குத் தரிசாக வந்து சேரப்போகிறது. நடுவில் அது என் பெயரில் இருந்ததுதான் அதன் விளைச்சலைக் கெடுத்திருக்க வேண்டும். சந்தைப் பெண்கள் எங்கே போவார்கள் என்று பேரூராட்சியில் கேட்டேன். மண்டபத்தில் முகூர்த்தம் இல்லாத நாட்களில் வாசலில் உட்கார அனுமதி பெற்றுத் தர முயல்வதாகச் சொன்னார்கள்.

18. ஆகவே, ஐயா, நான் அந்தப் பட்டாவைக் காப்பாற்றித் தரும்படி கேட்கவில்லை. முன்பு எழுதிய பதினோரு மனுக்களிலும் அதைத்தான் கேட்டேன். மாற்று நிலம் கேட்டேன், பக்கத்து ஊரிலாவது கேட்டேன், பாதியாவது கேட்டேன். இந்த மனுவில் கேட்பது வேறு.

தாங்கள் கருணைகூர்ந்து, விசாரணை நாளுக்கு முன்பாக ஒரு செவ்வாய்க்கிழமை செம்பியன்பேட்டைக்கு நேரில் வந்து பார்க்க வேண்டும். வருகிற 19ஆம் தேதியும் 26ஆம் தேதியும் செவ்வாய். அந்தத் திடலைச் சந்தைப் புறம்போக்கு என்று பதிவு செய்து, இனி யாரும் வாங்கவோ விற்கவோ தானம் செய்யவோ முடியாதபடி உத்தரவிட வேண்டும். அதற்காக என் பட்டாவை நானே விருப்பத்துடன் ஒப்படைக்கிறேன். இத்துடன் இணைத்திருப்பது நகல் அல்ல, அசல். எட்டு வருடமாக அரிசிப் பானையில் பத்திரமாக வைத்திருந்ததால் ஒரு மூலையில் அந்து அரித்திருக்கிறது. என் பெயர் இருக்கும் பக்கம் நன்றாகத்தான் இருக்கிறது.

அத்துடன், நிலவுடைமையாளர் பட்டியலிலிருந்து என் பெயரை நீக்கி, நான் நிலமற்ற விவசாயத் தொழிலாளி என்று ஒரு சான்றிதழ் வழங்குமாறு வேண்டுகிறேன். தை பிறப்பதற்குள் அது கிடைத்தால் குடிசை நிற்கும் மூன்று சென்ட்டாவது என் பிள்ளைகளுக்கு மிஞ்சும். என் தகப்பனார் யாருக்கும் மனுப் போடாமலே நிலமற்றவராகப் பிறந்து, நிலமற்றவராகவே போய்ச் சேர்ந்தார். எனக்கு அதற்கும் தங்கள் உத்தரவு தேவைப்படுகிறது.

தாங்கள் கையொப்பமிடும் வரை நிலவுடைமையாளனாக இருக்கும்,

(ஒப்பம்) சி. மருதையன்

இடம்: செம்பியன்பேட்டை
நாள்: 11.10.1982

இணைப்பு: 1. பட்டா, அசல்.
2. சந்தைப் பெண்கள் 141 பேரின் கையொப்பங்களும் கைநாட்டுகளும்.
3. திடலில் உழுது எடுத்த பொருட்கள், சாக்கு ஒன்று. (தபாலில் வாங்க மறுத்துவிட்டார்கள். விசாரணை நாளில் தலையில் சுமந்து வருகிறேன்.)